தர்பூசணிக்காரனுக்குப் பின்னால்

முதுகெலும்பு முடிகிற இடத்தில் யாரோ ஆணி அடித்துவிட்டு, பிடுங்க மறந்துபோன மாதிரி இருந்தது சபர்பெக்குக்கு. மூச்சை இழுத்தால் வலித்தது. விட்டால் இன்னும் வலித்தது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். இருமினால் கத்திவிடுவோம் என்ற பயம்.

காலையில் பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தையில் பனி இறுகி, தரை கண்ணாடியாகக் கிடந்தது. கைவண்டியில் தலைக்கு மேல் உயர்ந்த ஜீன்ஸ் மூட்டைகள். கன்டெய்னர் கடைகளுக்கு நடுவே “வழி விடு, வழி விடு” என்று கத்திக்கொண்டு இழுத்து வந்தவருக்கு வலது கால் வழுக்கியது. விழவில்லை. விழுந்திருந்தால் மூட்டை அழுக்குப் பனியில் போயிருக்கும். விழாமல் தாங்கிப் பிடித்ததில் முதுகு போயிற்று. வருஷக்கணக்காக வண்டி இழுக்கிறவன் மூட்டையைத்தான் காப்பாற்றுவான். முதுகு அவனுடையது; மூட்டை இன்னொருவனுடையது.

கூட இழுக்கிற ஆட்கள் அவரை மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் படுக்கவைத்து அனுப்பினார்கள். மதியத்துக்குள் வீட்டு அடுப்போரம், தரைமெத்தையில் குப்புறக் கிடந்தார். மனைவி சைராகான் ஆட்டு வால்கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவா.”

“மெதுவாத்தான் தேய்க்கிறேன்.”

“இது மெதுவா? மாவு பிசையற.”

“மாவு இவ்வளவு பேசாது.”

இந்த வீட்டில் வலியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பெரிய மகள் பெரிசாத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ஏழு தலைமுறைக்குள் பங்காளிகள் கட்டிக்கொள்ளக்கூடாது என்ற வழக்கத்தை மீறி, அப்படிப்பட்ட ஒரு பையனைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். அவளுடைய ஆறாவது பாட்டனும் அந்தப் பையனின் ஆறாவது பாட்டனும் ஒரே ஆள். “அண்ணன் தங்கச்சி முறையில கல்யாணமா?” என்று சபர்பெக்கின் பெரியண்ணன் ஊரிலிருந்து வந்து காறித் துப்பினார். அன்றைக்கு சபர்பெக் சொன்னது இரண்டே வாக்கியம். அந்தப் பெயர் இந்தக் கூரைக்குக் கீழே கேட்கக் கூடாது. அவளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே இருந்துகொள்ளலாம்.

போன வாரம் சின்ன மகள் கன்ஷாய் ஒன்றைப் பார்த்துவிட்டாள். அவள் உயிரைக் கொடுத்துப் பார்க்கிற தொடர் ‘பூர்குத்’, அதாவது கழுகு. பகலில் பிஷ்கெக் தெருக்களில் மினிபஸ் ஓட்டுகிற ஒருத்தி, ஊருக்கு ஆபத்து என்றால் தோளிலிருந்து கழுகுச் சிறகு விரித்துக் கிளம்பிவிடுவாள். அந்தக் கழுகுப் பெண்ணின் சமையலறையில், ஐந்தாம் பாகத்தில், ஒரு தேநீர்க் குடுவை இருந்தது. உடைந்த மூக்கில் நீல இன்சுலேஷன் டேப். டேப்புக்கு மேல் செம்புக் கம்பி. அதற்கு இரட்டை போல ஒன்று இந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் டேப் சுற்றியவள் பெரிசாத்.

அக்கா அந்தத் தொடருக்குப் பின்னால் எங்கோ வேலை செய்கிறாள் என்று கன்ஷாய்க்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குடுவையை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? இன்னும் ஓர் அடையாளம் கிடைத்தால் அம்மாவிடம் சொல்லலாம். அம்மா ஒத்துக்கொண்டால் அப்பாவிடம். அக்கா இந்த வாசலை மறுபடி மிதிக்க ஒரு நூல்முனையாவது கைக்கு அகப்பட வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆறாம் பாகம் மாலையில். அப்பா சந்தையிலிருந்து வருவதற்குள் பார்த்து முடித்துவிடலாம் என்று தையல் பட்டறையில் ஓவர்லாக் மிஷினை மிதிக்கும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் அப்பாவின் பூட்ஸ்.

“என்னாச்சு?”

“முதுகு” என்றாள் சைராகான்.

“ரொம்பவா?”

“பேசறார். அதனால சாகமாட்டார்.”

கன்ஷாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவும் அதே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். இருவரும் பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

“அப்பா, பான்யா போய் ஆவியில உக்காந்தா முதுகு இளகும். அடுத்த தெருவுல இன்னிக்கு ஆம்பளைங்க நாள்தானே?”

“ஒண்ணுக்குப் போகவே ரெண்டு பேர் தாங்கணும். பான்யாவுக்கு எத்தனை பேர் வருவாங்க?”

“அவ சொல்றதும் சரிதான்” என்றாள் சைராகான். “பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கார் இருக்கு. நான் வேணா கேக்கட்டுமா?”

சபர்பெக் கழுத்தை மட்டும் திருப்பி இருவரையும் பார்த்தார். “என்னை வெளியே தள்றதுல ரெண்டு பேருக்கும் என்ன அவ்வளவு அவசரம்?”

சைராகான் அடுப்பில் ஒரு அள்ளு கரியைப் போட்டாள். கன்ஷாய் சூப் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். கையால் அறுத்த மாவுச்சரம், உருளைக்கிழங்கு, பேருக்குக் கொஞ்சம் இறைச்சி. சபர்பெக் ஒருக்களித்துப் படுத்தபடி ஸ்பூனால் உறிஞ்சினார், பாதி மீசையில்.

கன்ஷாயின் பையிலிருந்த போன் ஓயாமல் டிங் டிங் என்றது.

“என்னடி அது, கோழிக்குஞ்சு வளக்கறியா?”

“குரூப்புப்பா.”

“என்ன குரூப்பு?”

சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும். சொன்னாள். பூர்குத் பார்க்கிறவர்களின் கூட்டம் அது. ‘கழுகுக் கண்’ என்று பெயர். நர்ஸ் ஒருத்தி, டாக்ஸிக்காரர் ஒருவர், காலேஜ் பிள்ளைகள், பல் டாக்டர்கூட ஒருவர். கதை யாருக்கும் இரண்டாம்பட்சம். படம் எடுத்தவர்கள் பின்னணியில் எதையாவது ஒளித்து வைப்பார்கள்; அதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. வில்லன் கோட்டுப் பொத்தான்கள் அந்தக் காலத்து எலுமிச்சை சோடா மூடிகள். கழுகுப் பெண் ஓட்டுகிற பஸ்ஸின் தட எண் இந்த ஊரிலேயே கிடையாது. டைரக்டர் படித்த பள்ளிக்கூடத்தின் எண் அது. சாவிக்கொத்தில் தொங்குகிற கம்பளித் தொப்பி ஒவ்வொரு பாகத்திலும் நிறம் மாறும். மாறினால் யாரோ பொய் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம்.

“இதையெல்லாம் யார் கண்டுபிடிக்கறது?”

“நாங்கதான்.”

“கூலி?”

“கூலியா? சும்மாப்பா. ஒரு இதுக்குத்தான்.”

“சும்மாவா!” அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. “சும்மா எவனாவது உத்து உத்துப் பாப்பானா?”

போனில் டாக்ஸிக்காரரின் குரல் கரகரத்தது: “தங்கச்சி, இன்னிக்குத் தர்பூசணியை நான்தான் முதல்ல புடிப்பேன். சொல்லிட்டேன், ஆமா.”

“தர்பூசணியா? இந்தக் குளிர்லயா?”

“அதான் வேடிக்கையே. ஒவ்வொரு பாகத்துலயும் ஒருத்தன் தர்பூசணியைத் தூக்கிட்டுக் குறுக்கே போவான். எங்கே, எப்போன்னு தெரியாது. யார் முதல்ல பாக்கறாங்களோ அவங்கதான் அந்த வாரத்து ராஜா.”

சபர்பெக் உம் என்றார். அந்த உம்மில் அவள் எதிர்பார்த்த கேலி இல்லை.

“சரி. டிவியைப் போடு. இங்கே கிடந்து உத்தரத்தை எண்ணறதுக்கு அந்தக் கழுகுக்காரியைப் பாக்கலாம்.”

சைராகான் கையிலிருந்த கிண்ணம் தட்டில் இடித்தது. “மல்யுத்தம் வருமே, வேற சேனல்ல…”

“மல்யுத்தம் இன்னிக்கு எனக்கு ஆகாது. பாத்தாலே இடுப்பு புடிச்சுக்கும்.”

டிவி வந்தது. விளம்பரம் ஓடியது. கழுகின் நிழல் மலைமேல் விழுந்து, பெயர் எழுத்துகள் கூடும்போது கரண்ட் போயிற்று. தெருவே இருண்டது. பக்கத்து வீட்டில் ஒருவன் மின்சார அலுவலகத்தின் தாயையும் தந்தையையும் விசாரித்தான்.

“போச்சு” என்றார் சபர்பெக்.

கன்ஷாய்க்கு இது கடவுள் கொடுத்த வழி. போனை எடுத்துக்கொண்டு கோழிக்கூடு பக்கம் போய்விடலாம். எழுந்தாள்.

“எங்கே போற? அதுலயும் வரும்தானே? இங்கே கொண்டா.”

ஆக, அப்படி ஆயிற்று. நடுவில் குப்புறக் கிடந்த சபர்பெக், தாடைக்குக் கீழே தலையணை. ஒரு பக்கம் கன்ஷாய், மறுபக்கம் சைராகான், இருவரும் அவரைப் போலவே குப்புறப் படுத்து. எதிரே சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்த போன். மூன்று தலைகள் இப்படி ஒட்டி இருந்து எத்தனையோ காலமாயிற்று. வால்கொழுப்பு நாறியது.

கதை ஓடியது. வில்லன் பெயர் தூதுன். புகை என்று பொருள். குளிர்காலத்தில் வீட்டு வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பி, ஒன்றாகத் திரண்டு, கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதனாகி ஊரின் தொண்டையைப் பிடிக்கிறவன். “என்னைப் பெத்தவங்க நீங்கதானே?” என்று கேட்டுச் சிரித்தான்.

“நியாயமாத்தான் கேக்கறான்” என்றார் சபர்பெக். “சைரா, இன்னும் ரெண்டு கட்டி போடு. பிள்ளை பசியோட இருக்கான்.”

கன்ஷாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மூலை மூலையாகத் தேடினாள். சுவரில் என்ன? அலமாரியில் என்ன? கழுகுப் பெண் ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். தாழ்வாரத்தில் கூட்டம்.

“அதோ” என்றார் சபர்பெக்.

“எது?”

“பூசணி. தூணுக்குப் பக்கத்துல.”

இருந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நோயாளிகளின் நடுவே, குழந்தையைத் தூக்குவதுபோல தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் போனான். குரூப்பில் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டாக்ஸிக்காரருக்கு முன்னால் அப்பா பிடித்துவிட்டார்!

“அப்பா! எப்படிப்பா?”

“இதென்ன பெரிய வித்தை. நாலாவதுல கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னான். இதுல தைரியமா நேரா வரான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கன்ஷாய் போனை நிறுத்தினாள்.

“நாலாவதா?”

சபர்பெக் தலையணையைச் சரிசெய்தார்.

“நாலாம் பாகத்தை நீங்க எங்கே பாத்தீங்க?”

“சந்தையில பசங்க பாக்கறானுங்க. டீக்கடை கன்டெய்னர்ல. கண்ணைப் பொத்திக்கிட்டா டீ குடிப்பாங்க?”

“நாலாவது மட்டுமா?”

“எல்லாந்தான்.” பிறகு, எரிச்சலோடு: “என்ன இப்போ? வண்டி இழுக்கறவன் கழுகு பாக்கக் கூடாதா?”

நாலாம் பாகத்தில் சந்தைக் காட்சி ஒன்று வரும். கன்ஷாய் அதை ஒருமுறைதான் பார்த்திருந்தாள், அதுவும் பஸ்ஸில் நின்றபடி. ஏதோ கைவண்டிகள் வந்துபோயின.

“சந்தைக் காட்சியில என்னப்பா இருந்துச்சு?”

“என்ன இருக்கும். வண்டி இருந்துச்சு.”

“எந்த வண்டி?”

அடுப்பில் கரி வெடித்தது.

“என் வண்டி மாதிரி. கைப்பிடியில டயர் ட்யூப். பலகையில ரெண்டு ஆப்ரிகாட் பழம் வரைஞ்சிருந்தது. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது.” மூக்கை உறிஞ்சினார். “அந்த மாதிரிப் பழத்தை உலகத்துல ஒருத்திதான் வரைவா. காம்பு தலைகீழா இருக்கும். சின்ன வயசுல என் வண்டியில வரைஞ்சப்போவே சொன்னேன், காம்பு மேல வரணும்னு. கேக்கமாட்டா. எதையும் கேக்கமாட்டா.”

பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

“நான் குடுவையைப் பாத்தேன்” என்றாள் கன்ஷாய். “அஞ்சாவதுல. நம்ம குடுவை. டேப்பு சுத்தி.”

“அதுவும் பாத்தேன்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“நீயும்தானே சும்மா இருந்தே?”

இருவரும் ஒரே சமயத்தில் சைராகானைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன படம்: தூண், கூட்டம், தர்பூசணி. அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் கன்ஷாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஓட விடு” என்றாள் சைராகான். “சார்ஜ் போயிடும்.”

“இரு” என்றார் சபர்பெக். “ஓட விடாதே. பின்னால தள்ளு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிறுத்து. அந்தப் பூசணிக்காரனை விடு. அவனுக்குப் பின்னால பாரு.”

கன்ஷாய் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

தர்பூசணிக்காரனுக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு மரத்தொட்டில். தொட்டில்மேல் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மூடி. சிவப்பு, மஞ்சள், பூப்போட்ட பச்சை. எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான். ஊரே தர்பூசணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

“அந்த நடுத்துண்டு” என்றார் அவர். “பழுப்பு. அதைப் பெரிசாக்கு.”

பழுப்புக் கேன்வாஸ் துண்டு. அதில் ஒரு பொத்தல், பொத்தலைச் சுற்றிச் சிவப்பு நூலால் நட்சத்திரம் மாதிரித் தைத்த ஒட்டு. சந்தையில் ட்ரம்மில் தீ மூட்டிக் குளிர்காயும்போது பொறி தெறித்து விழுந்த பொத்தல் அது. சிவப்பு நூலைத் தவிர அன்றைக்கு வீட்டில் வேறு நூல் இல்லை.

“சைரா. என் கோட்டு எங்கே?”

“கந்தலாச்சுன்னு சொன்னேனே.”

“கந்தல் தொட்டில்ல கிடக்கு.”

சைராகான் எழுந்து உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பதிலைத் தயார்செய்தாள் போலிருக்கிறது.

“நான்தான் தைச்சேன். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

“எப்போ?”

“நூல் வாங்கப் போறேன்னு சொன்ன ஒரு நாள்.”

“நீ மாசம் பூரா நூல் வாங்கப் போற!”

“ஆமா.”

கன்ஷாய் வாயைப் பிளந்தாள். “அம்மா! என்கிட்டகூட…”

“நீ மட்டும் குடுவையைச் சொன்னியா?”

“அங்கேயே இருந்துக்கணும்னு சொல்லியிருந்தேன்” என்றார் சபர்பெக். சத்தம் போடவில்லை. சத்தம் போட முதுகு விடவில்லை.

“சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இன்னிக்கு இங்கேயே இருந்துடலாமான்னு. அப்புறம், உங்களுக்கு சூப் யார் வைப்பாங்கன்னு வந்துடுவேன்.” அவள் குரல் ஏறியது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உங்க கோபம் தணிய ஆடு ஓட்டிட்டு வந்தாங்க. வாசல்லயே திருப்பி ஓட்டினீங்க. அந்த ஆடுகூட நம்ம தெருவுல நின்னு கத்துச்சு. நான் என்ன செய்யணும்? பெத்தவ நான். துணியாவது குடுத்தேன்.”

“எதுக்குத் தொட்டில்?” என்று கேட்டார். கேட்கத் தேவையில்லாத கேள்வி. அவருக்கே தெரிந்திருக்கும்.

சைராகான் கன்ஷாய் பக்கம் திரும்பினாள். “ஓட விடு.”

படம் ஓடியது. தாழ்வாரத்தில் புகை இறங்கியது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். கழுகுப் பெண் சிறகைக் குடைபோல விரித்துத் தொட்டிலை மறைத்தாள். புகை அவள் முதுகில் மோதியது, உடம்பு வளைந்தது. ஒரு கையால் தொட்டில் மூடியை விலக்கி, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

குழந்தையின் முகம். போன் திரை முழுக்க.

தூக்கம் கலைந்த எரிச்சலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கேமராவை முறைத்தது. கன்னத்தில் பனிவெடிப்பு. காது மேல்மடல் உள்பக்கமாக மடிந்திருந்தது. சபர்பெக்கின் காது.

கன்ஷாய் தன்னையறியாமல் படத்தை நிறுத்தியிருந்தாள்.

“கன்னத்துல கொழுப்பு தடவணும்” என்றார் சபர்பெக். “குளிர்ல வெடிச்சிருக்கு. யாரும் பாக்கறதில்லையா?”

“தடவறாங்க. நிக்கமாட்டேங்குது” என்றாள் சைராகான். அப்புறம், நிதானமாக: “முகத்தைப் பாத்துட்டீங்க.”

“எதை?”

“பிள்ளை முகத்தை. முதல் தடவை. கொருந்துக் குடுக்கணும்.”

புதுப்பெண்ணோ பிறந்த பிள்ளையோ, முதல்முறை முகம் பார்க்கிறவன் கையை மடக்கிக்கொண்டு போகக்கூடாது. மோதிரமோ, துணியோ, ஆட்டுக்குட்டியோ, அவனவன் சக்திக்குக் கொடுக்கிற அந்தச் சீர்தான் கொருந்துக். ஏழைக்கும் விலக்கில்லை. எதிரி வீட்டுப் பிள்ளையானாலும், தெரியாமல் எட்டிப்பார்த்துவிட்டால் பையைத் துழாவத்தான் வேண்டும்.

“இது போன்” என்றார் சபர்பெக்.

“அதனால?”

“போன்ல பாத்தா கணக்கா? அப்படின்னா ஊரே குடுக்கணும். அந்த டாக்ஸிக்காரன் குடுப்பானா?”

“டாக்ஸிக்காரர் பூசணியைப் பாத்தாரு” என்றாள் கன்ஷாய். “பிள்ளையை நீங்க பாத்தீங்க.”

“கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது முகமா?”

“ஜன்னல் கண்ணாடி வழியா பிறை பாத்தா நோன்பு வைக்கமாட்டீங்களா?”

“வாய் நீளம்டி உனக்கு.”

“உங்க காதுப்பா அது!”

அவர் கை தானாகக் காதுக்குப் போனது. பாதி வழியில் முதுகு பிடித்தது, கையைத் தொங்கவிட்டார்.

“ஆறாவது பாட்டன் ஒரே ஆள்” என்றார். சுவரிடம் சொல்வதுபோல. “அது மாறுமா? அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது? நாளைக்கு ஊர்ல யாராவது இந்தப் பிள்ளைகிட்ட ஏழு பாட்டன் பேர் கேட்டா, ரெண்டு பக்கமும் ஒரே பேரு வந்து நிக்குமே.”

“மாறாது” என்றாள் சைராகான். “பாட்டனும் மாறமாட்டாரு. பிள்ளையும் பொறக்காம போகாது. நீங்க பாத்ததும் பாக்காததாயிடாது.”

போனில் குரூப் அலறியது. தர்பூசணியை ஒருவழியாக எல்லோரும் பார்த்துவிட்டார்கள். டாக்ஸிக்காரர் தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்டார். நர்ஸ் மட்டும் எழுதியிருந்தாள்: ‘பின்னால ஒரு தொட்டில் இருக்கே, அதுல ஏதாவது இருக்குமோ?’

கன்ஷாயின் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. இத்தனை நாள் விளையாட்டில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு யாருக்கும் கிடைத்ததில்லை. பழுப்புத் துணி, சிவப்பு நூல், காது. எழுதினால் ஒரே நாளில் அவள்தான் ராணி.

“எழுதாதே” என்றார் சபர்பெக்.

“ஏம்ப்பா?”

“எல்லாரும் பூசணியையே பாக்கட்டும்.”

அவள் எழுதவில்லை. மீதிப் படத்தை ஓடவிட்டாள். புகை தோற்றது, முழுசாகத் தோற்கவில்லை, ஒரு புகைபோக்கிக்குள் பதுங்கியது. பெயர்கள் ஓடத் தொடங்கின. யாரும் படிக்காத சின்ன எழுத்து, கரிமூட்டை லாரி வேகத்தில். கன்ஷாய் சட்டென்று நிறுத்தினாள். ஒரு பெயர் தவறிப் போயிற்று. பின்னால் தள்ளி மறுபடி நிறுத்தினாள்.

காட்சி அரங்கம், பொருட்கள்: பெரிசாத், சபர்பெக்கின் மகள்.

கல்யாணமானவள். புருஷன் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். போட்டுக்கொள்ளவில்லை. பெயர் சொல்லக்கூடாது என்று சொன்னவரின் பெயரையே ஊர் முழுக்க ஓடவிட்டிருந்தாள்.

சபர்பெக் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருக்கு வேகமாகப் படிக்க வரும். ஆனாலும் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்.

அப்போது திரையின் மேல் ஒரு செய்தி விழுந்தது. குரூப்பில் இல்லை, கன்ஷாய்க்கு மட்டும், தெரியாத நம்பரிலிருந்து.

‘மூடியை விலக்கற இடம் வரைக்கும் பாத்தாச்சா? அப்பாவும் பாத்தாரா?’

கன்ஷாய் அம்மாவைப் பார்த்தாள். சைராகான் மெல்லத் தலையாட்டினாள். “ஆமான்னு எழுது” என்று உதடு அசைந்தது. கன்ஷாய் முதல் எழுத்தைத் தட்டினாள். போன் ஒரு தடவை நடுங்கி, அணைந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. கரண்ட் வரவில்லை.

அடுப்பின் கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

“சைரா.”

“ம்.”

“பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

“ம்.”

“பேரு…”

“நீ சொல்லாதே.” கையை உயர்த்தினார், இருட்டில் அது தெரியவில்லை, மூச்சு இழுபட்ட சத்தம் மட்டும் கேட்டது. “வெறுங்கையோட பேர் கேக்கறது சரியில்லை.”

“அப்போ போவீங்களா?” கன்ஷாயின் குரல் இருட்டில் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. “எப்போப்பா?”

அவர் புரண்டு படுக்க முயன்றார், முடியவில்லை. சைராகான் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். மல்லாந்து கிடந்தார். நடக்கவே முடியாத ஒருவர், ஊரில் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவர், எப்போது போவேன் என்று எதை நம்பிச் சொல்வார்? ஆனால் வேறொன்றைச் சொன்னார். உத்தரத்தைப் பார்த்து, கரி இறக்கும் இடத்தில் எடை சொல்கிற குரலில், சுருக்கமாக.

“முகம் பாத்துட்டேன். கொருந்துக் பாக்கி.”